அம்மாவுக்காக இன்னொரு தடவை

இசை முகாமுக்குப் புறப்படும் மகளின் பையில் வைக்கும்போது, நுளம்புக்கடிக்குப் பூசும் மருந்துப் போத்தல் கையில் சிந்திவிட்டது. அந்த மணம் என்னைப் பன்னிரண்டு வயதுக்குக் கொண்டுபோனது. கனடாவில் ஒஷாவா நகருக்கு அப்பால், ஏரிக்கரையில் எங்கள் தேவாலயம் நடத்திய இசை முகாம்.

காலையில் ஜெபம், மத்தியானம்வரை பாட்டுப் பயிற்சி, பின்னேரம் நீச்சல். ஈரத் துவாய்கள் தொங்கும் மரக்குடிலில் ஆறு சிறுமிகள் தங்கினோம். கடைசி நாள் பெற்றோருக்காகக் கச்சேரி. தனியாகப் பாட எனக்கு நான்கு வரிகள் தந்திருந்தார்கள். பாடி முடியும்வரை கதவையே பார்த்தேன். அம்மா வரவில்லை.

கதிரைகளை அடுக்கும்போதுதான் தொழிற்சாலைச் சீருடையோடு ஓடிவந்தார். "கார் வழி மாறிப் போட்டுது, பிள்ளை. முடிஞ்சுதோ?"

எனக்கு அழுகை முட்டியது. குடிலில் எனக்கு மேல்தட்டுக் கட்டிலில் படுக்கும் ஹன்னா, அதுவரை என்னோடு அதிகம் பேசாதவள், ஒரு கதிரையை இழுத்து அம்மாவை இருத்தினாள். திரும்பப் பாடுவோம் என்று ஆங்கிலத்தில் மற்றவர்களையும் கூப்பிட்டாள். அந்த ஒற்றைக் கதிரைக்கு முன்னால் ஆறு பேரும் வரிசையாக நின்றோம். என் இரண்டாவது வரி மறந்துபோனது. ஹன்னா மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

அம்மா எழுந்து நின்று கைதட்டினார். பிறகு ஹன்னாவின் கைகளைப் பிடித்து, "நீ நல்லா இருக்கோணும், பிள்ளை" என்றார். தமிழ் தெரியாத அவள் விளங்கியதுபோலத் தலையாட்டினாள்.

பையை மூடும்போது மகள் அருகில் வந்தாள். "அம்மா, கடைசி நாள் கொன்சேர்ட் ரெண்டு மணிக்கு. லேட்டா வராதேங்கோ" என்றாள்.

"விடியவே வந்து நிப்பன்" என்றேன்.