அம்மா வந்தால்தான் தருவேன்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கிருஷ்ணகிரி அணைக்கட்டுப் பூங்காவில் நடந்தது இது. அப்போது நான் சேலத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஓசூரை அடுத்த மத்திகிரியில் வாடகைக்கு இருக்கும் மகன் வீட்டோடு வந்து சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

மகனுக்கு வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. மருமகளுக்கு செல்போன் பாகங்கள் பொருத்தும் வேறொரு கம்பெனி. இரண்டு பேருக்கும் ஷிப்ட். ஒருவர் வேலையில் இருக்கும்போது மற்றவர் வீட்டில் இருக்கும்படி கேட்டு வாங்கியிருந்தார்கள். இல்லாவிட்டால் மூன்று வயதுப் பேத்தியை யார் பார்ப்பது? நான் வந்த பிறகும் அந்த ஏற்பாட்டை அவர்கள் மாற்றவில்லை. என் இடுப்பு வலியை நம்பிப் பிள்ளையை விட்டுப் போக மருமகளுக்குத் தைரியம் வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

பிள்ளை கைமாறுவது வீட்டில் அல்ல, மெயின் ரோட்டில். மதியம் மகன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பான். அதற்குள் மருமகள் அவள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். அவன் அவள் தோளைத் தொடுவான். பிள்ளை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாறும். அவன் ஓடிப்போய் ஏறிக்கொள்வான். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பதால் பேச்சுக்கெல்லாம் நேரம் கிடையாது. முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

அதைவிடப் பயமுறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மருமகளின் பஸ் தாமதமானால், அவள் கம்பெனியிலேயே வேலை செய்யும் வேறு பெண் யாராவது முன்னால் வந்த பஸ்ஸில் இறங்கியிருப்பாள். மகன் அவளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். மருமகள் வரும்வரை அவள் வைத்திருப்பாள். தினம் ஒரே பெண் இல்லை. ஆனால் எல்லோர் கழுத்திலும் ஒரே மாதிரி நீல நாடாவில் கம்பெனி அட்டை தொங்கும். பேத்திக்கு அவர்கள் பெயர் தெரியாது. அட்டை தெரியும். அட்டையைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிவிடுவாள்.

நான் மகனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அப்பா, இந்த லைன் வீட்ல பாதிப் பேரு பிள்ளைய இப்படித்தாம்பா வளக்கறாங்க. நீங்க ஒண்ணு, எதையாவது நெனச்சு பயந்துக்கிட்டே இருப்பீங்க" என்றான்.

பயப்படுவது என் சுபாவம்தான். நூல் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு போல்ட் குறைந்தாலும் மேலே பதில் சொல்ல வேண்டிய வேலை. எண்ணிப் பார்க்காமல் ஓர் இடத்தை விட்டுக் கிளம்ப இன்றுவரை எனக்கு வராது.

மகனுக்கும் மருமகளுக்கும் விடுமுறை ஒரே நாளில் அமைவது அபூர்வம். அந்த ஞாயிறு அமைந்தது. அணைக்குப் போகலாம் என்று மருமகள்தான் ஆரம்பித்தாள். பஸ்ஸில் கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து அணையில் இறங்கினோம். பேத்தி அவ்வளவு தண்ணீரை அதற்கு முன் பார்த்ததில்லை.

"தாத்தா, இந்தத் தண்ணி யாருது?"

"கவர்மெண்டோடது."

"கவர்மெண்டு எப்பக் குளிக்கும்?"

மருமகள் சிரித்துக்கொண்டே, "உங்க தாத்தா கணக்கு பார்த்துச் சொல்லுவாரு, இரு" என்றாள்.

மரத்தடியில் விரிப்பைப் போட்டு, கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டோம். வாசலில் இருந்த கடையில் மகன் பொரித்த மீன் வாங்கி வந்தான். உப்பு தூக்கல். முள் இருக்கும், பிள்ளைக்குக் கொடுக்காதே என்று நான் சொல்லச் சொல்ல அவன் பிய்த்துப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான். ஊஞ்சல், சறுக்கு மரம், பலூன் எல்லாம் ஆயிற்று. வெயில் தணிந்ததும் கிளம்பத் தயாரானோம்.

மகன் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தான். அவன் போன் அடித்தது. கம்பெனி லைன் இன்சார்ஜ். நாளைக்குக் காலை ஷிப்டுக்கு வர முடியுமா என்று கேட்கிறார். பலூன்காரன் பீப்பி ஊதும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மகன் பிள்ளையை மருமகள் பக்கத்தில் இறக்கி விட்டான். மெயின் ரோட்டில் தொடுவது போலவே அவள் தோளைத் தொட்டான். பேசிக்கொண்டே பூங்கா வாசலை நோக்கி நடந்தான். மருமகள் குனிந்து டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லத்தான் தொட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிள்ளையையும் கூடவே அழைத்துப் போகிறார் என்று நினைத்து, குழாயடிக்குப் போய்விட்டாள்.

நான் அங்கேதான் இருந்தேன். சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுப் பை, தண்ணீர்க் கேன், விரிப்பு, குடை, மருமகளின் கைப்பை, பிள்ளையின் மாற்றுத்துணிப் பை, என் மருந்துப் பை. ஏழு உருப்படி. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியபோதும் ஏழு. கணக்கு சரியாக இருந்தது.

மகன் திரும்பி வந்து, "பாப்பா எங்க?" என்றான்.

"உங்ககிட்டதான இருந்தா?" என்றாள் மருமகள். கையில் ஈரமான டப்பா.

"உன் தோளைத் தொட்டு விட்டுட்டுத்தானடி போனேன்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாமான்களைப் பார்த்தேன்.

மகன் தண்ணீர்ப் பக்கம் ஓடினான். அந்தப் பக்கம் ஓடியதே எங்கள் மூவர் மனத்திலும் இருந்ததைச் சொல்லிவிட்டது. மருமகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி ஊஞ்சல் பக்கம் போனாள். நான் வாசல் பக்கம் நடந்தேன். அங்கே மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்ததுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பிள்ளை காணோமா? எந்த கலரு சட்டை?"

"மஞ்சள். முன்பக்கம் பொத்தான் வச்சது."

அந்த அம்மாள் சோளக்கதிர் வண்டிக்காரரைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினார். பெங்களூர் பக்கத்திலிருந்து வேன்களில் வந்திருந்தவர்களிடம் கன்னடத்தில் கத்தினார். கடைசியில் என்னிடம் திரும்பி, "தாத்தா, நீ போயி ரோட்டுப் பக்கம் பாரு. தண்ணியப் பாக்கத்தான் எல்லாரும் ஓடுறாங்க" என்றார்.

பூங்காவுக்கு வெளியே, பஸ் வந்து திரும்பும் இடத்துக்குப் போனேன். அங்கே, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் சிமெண்ட் மேடையில், மஞ்சள் சட்டை தெரிந்தது.

பேத்தி அழவில்லை. இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் மடியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கழுத்தில் ஒரு கம்பெனி அட்டை தொங்கியது. நாடா சிவப்பு. மருமகளின் கம்பெனிகூட இல்லை.

"கண்ணு!" என்று கையை நீட்டினேன். பேத்தி என்னைப் பார்த்து, "தாத்தா, அம்மா பஸ் வரல" என்றாள். என்னிடம் வரவில்லை. அட்டை போட்டவரிடம் இருக்கும்போது அம்மா வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு.

நான் பிள்ளையைத் தூக்கப் போனேன். அந்தப் பெண் எழுந்து ஓரடி பின்னால் போனாள்.

"நில்லுங்க தாத்தா. யாரு நீங்க?"

தென்மாவட்டத்துப் பேச்சு. திருநெல்வேலிப் பக்கமாக இருக்க வேண்டும்.

"அதோட தாத்தா. கேட்டல்ல, தாத்தான்னு கூப்பிட்டாளே!"

"நரைச்ச தலைய எல்லாம் பிள்ளைங்க தாத்தான்னுதான் கூப்பிடும். கூட யாரும் வரலியா? இவ அம்மா எங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளை உயிரோடு கண்முன்னால் இருக்கிறது. எவளோ ஒரு சின்னப் பெண் அதை என் கையில் தர மறுக்கிறாள். நான் கணக்கு ஒப்பிக்க ஆரம்பித்தேன். பிள்ளையின் பெயர், வயது. சட்டையில் ஐந்து பொத்தான், மேலிருந்து இரண்டாவது மட்டும் வெள்ளை, மற்றவை மஞ்சள். இடது முழங்காலில் விழுந்த தழும்பு. சட்டைப் பையில் காலையில் நான் பொறுக்கிக் கொடுத்த புளியங்கொட்டைகள்.

அவள் சட்டையைப் பார்த்தாள். பையில் கையை விட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"சரியாத்தான் சொல்லுதீங்க. ஆனா காலையில இருந்து பிள்ள பின்னாடியே சுத்துனவனுக்கும் இதெல்லாம் தெரியும்லா?"

நான் மறுபடியும் கையை நீட்டினேன்.

"கோவிச்சுக்கிட்டாலும் சரி தாத்தா. அம்மா வந்தால்தான் தருவேன். நீங்க போன் போட்டு வரச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

போன் போட்டேன். அவர்கள் ஓடி வருவதற்குள் அந்தப் பெண் நடந்ததைச் சொன்னாள். அவளும் விடுதித் தோழிகளும் ஓசூரிலிருந்து வந்திருக்கிறார்கள். திரும்புவதற்கு பஸ் ஏற வந்தபோது, ரோட்டோரத்தில் இந்தக் குழந்தை தனியாக நின்றுகொண்டிருந்தது. அப்பாவின் பின்னாலேயே வாசலைத் தாண்டி வந்திருக்க வேண்டும். கூட்டத்தில் அவனைத் தவறவிட்டதும், அம்மாவும் அப்பாவும் தவறாமல் வந்து சேரும் இடம் என்று அதற்குத் தெரிந்த ஒரே இடத்துக்குப் போய்விட்டது. பஸ் நிற்கும் இடம்.

"யாரு கூட வந்தேன்னு கேட்டேன். அம்மா பஸ் வரும்ங்கா. பிஸ்கட்டு கொடுத்தேன், வாங்கல. பூங்கா டிக்கெட் கவுண்டர்ல கொண்டு விடலாம்னு கூப்பிட்டேன், கூட வரல, ரோட்டுக்குள்ள போகப் பாத்தா. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. கைக்குட்டை எடுக்க பையத் தொறந்தேன். இந்த அட்டை வெளிய விழுந்துச்சு. அதப் பாத்ததும் ரெண்டு கையையும் தூக்கிட்டு ஓடி வந்துட்டா தாத்தா. இடுப்புல ஏறி உக்காந்துக்கிட்டா. அட்டைய உள்ள வச்சா மறுபடி ரோட்டுக்கு ஓடிருவாளோன்னு கழுத்துல மாட்டிக்கிட்டேன். எனக்குப் பயமாயிட்டு. இந்த அட்டை யாருட்ட வேணா இருக்கும்லா?"

தோழிகள் ஏறிய பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. பிள்ளையை வேறெங்காவது கொண்டுபோனால் தேடி வருகிறவர்கள் இங்கே வந்து ஏமாந்துபோவார்கள் என்று அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நேரம் தவறினால் அவள் விடுதியில் கேட்டைப் பூட்டிவிடுவார்களாம்.

மருமகள் வந்தாள். செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது. பேத்தி அவளைப் பார்த்ததும், "இன்னைக்கி நடந்து வந்தியா?" என்றாள். அதைக் கேட்டுத்தான் மருமகளுக்கு அழுகை வந்தது. அந்தப் பெண் உடனே கொடுத்துவிடவில்லை. முதலில் தன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பேத்தி தானாக அம்மாவிடம் தாவினாள். அதன் பிறகுதான் அவள் கையை விட்டாள்.

பின்னால் வந்த மகன் மேடையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் ஓசூர் திரும்பினோம். விடுதிவரை வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்று மகன் அந்தப் பெண்ணிடம் சொன்னான்.

"ஐயோ அண்ணே, ராத்திரில ஒரு ஆம்பளையக் கூட்டிட்டுப் போயி நின்னா அது வேற பெரிய கதையாயிரும். அக்கா மட்டும் போன்ல வார்டன்ட்ட பேசட்டும், போதும்."

மருமகள் பேசினாள். வார்டன் அம்மாள் முதலில் நம்பவில்லை. பிள்ளையை அழவிட்டுக் காட்டவா என்று மருமகள் கேட்டதும் எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் இறங்கும்போது பேத்தி தூங்கிவிட்டாள். இறங்குகிறவள் என்னிடம் வந்து, "மனசுல வச்சுக்காதீங்க தாத்தா" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அப்போதும் எனக்குக் கொஞ்சம் கோபம் மிச்சம் இருந்தது.

அதற்கடுத்த நாளிலிருந்து மருமகள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அட்டையைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் பிள்ளையை வாங்குகிறாள். பஸ் தாமதமானால் பிள்ளையை வாங்க நான் போய் நிற்கிறேன், இடுப்பு வலித்தாலும். தோளைத் தொடுவது மட்டும் போதாது என்று ஆகிவிட்டது. வாங்குகிறவர் "என்கிட்ட" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். வெளியூர் போனால் இன்றும் நான் சாமான்களை எண்ணத்தான் செய்கிறேன். ஆனால் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எண்ண ஆரம்பிக்கிறேன்.

அன்றைக்கு எங்கள் மூன்று பேரில் ஒவ்வொருவரும் பிள்ளை இன்னொருவரிடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். நம்பாமல் நின்றவள் அந்தப் பெண் ஒருத்திதான். தலை நரைத்த ஒருவன் வந்து கேட்டான் என்பதற்காக அவள் என்னிடம் பிள்ளையைக் கொடுத்திருந்தால், எனக்கு முன்னால் வேறு எவன் வந்து கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். இது அந்தச் சாயங்காலம் எனக்குத் தோன்றவில்லை. இப்போது பேத்தி ஓடிவந்து என் கையைப் பிடிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.