நாற்பத்தாறாம் பக்கத்தில் அம்மாவின் பெயர்

வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். திருக்கழுக்குன்றத்தில் மாமல்லபுரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, அந்த வாரத்துப் பத்திரிகையின் நாற்பத்தாறாம் பக்கத்தில் அம்மாவின் பெயரைப் பார்த்தேன். இனிஷியல் சரியாக இருந்தது. ஊர்ப் பெயரும் சரி. மேலே தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு: ‘நான் இல்லத்தரசி அல்ல!’ ஆச்சரியக்குறி நான் போட்டதல்ல. மற்றதெல்லாம் நான் எழுதியது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மா, அவளுடைய அக்காவான பெரியம்மா, எங்கள் தெருவில் இன்னும் மூன்று பேர் என ஐந்து பெண்கள் தினமும் அந்த பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள். கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு சொகுசு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது அவர்கள் வேலை. சீருடையை அங்கே போய்த்தான் மாற்றுவார்கள். பஸ்ஸில் ஏறும்போது கஞ்சி போட்ட புடவையும் தலையில் பூவும் தோளில் கைப்பையுமாக இருப்பார்கள். என் பள்ளிக்கூடமும் அதே வழியில் என்பதால் நானும் கூடப் போவேன்.

ஐவருக்கும் சேர்த்து ஒரு பெண்கள் வாரப் பத்திரிகை. வியாழக்கிழமை பெரியம்மா வாங்குவாள். அவர்களில் இளையவளான ஓர் அக்கா பஸ்ஸில் உரக்கப் படிப்பாள். பிறகு அது ஒவ்வொரு வீடாகப் போய், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும். தொடர்கதை வரும் நாளில் கண்டக்டர்கூட அவசரமாக டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு அவர்கள் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்.

அந்தப் பத்திரிகை தன் வாசகிகளை ‘இல்லத்தரசிகளே’ என்றுதான் அழைக்கும். ஓவனில் கேக் செய்யும் முறை, ஃபிரிட்ஜில் கொத்தமல்லி வாடாமலிருக்க வழி, வரவேற்பறைத் திரைச்சீலைக்கு ஏற்ற நிறம் எல்லாம் வரும். அந்த ஐந்து வீடுகளிலும் ஓவன் கிடையாது. ஃபிரிட்ஜ் கிடையாது. வரவேற்பறை என்று தனியாக ஒன்று யாருக்கும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். “இன்னா இல்லத்தரசி, முட்டி வலி எப்டி கீது?” என்று பெரியம்மா அம்மாவிடம் கேட்பாள். கண்டக்டரும் பழகிக்கொண்டு, “இல்லத்தரசிங்கல்லாம் கொஞ்சம் உள்ள போங்க” என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே நகர்வார்கள்.

எனக்கு இது பிழையாகப் பட்டது. அந்த மாதம்தான் பள்ளியில் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். குறைகளைச் சுட்டிக்காட்டலாம் என்று பாடத்திலேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கேக் பக்கத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அஞ்சலட்டையில் எழுதி முடித்தேன். ‘வாசகிகள் பக்கம்’ என்று போட்டிருந்ததால், அனுப்புநர் இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். சிறுமியின் கடிதத்தை அங்கே போடமாட்டார்கள் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்கவேண்டும் என்று நினைக்கவில்லை.

அச்சில் பார்த்ததும் பத்திரிகையை மூடிப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அக்கா எப்போதும் தொடர்கதையில்தான் ஆரம்பிப்பாள். வாசகிகள் பக்கத்துக்கு வருவதற்குள் என் பள்ளிக்கூடம் வந்துவிடும். அந்த வாரம் தொடர்கதை வரவில்லை. எழுத்தாளருக்கு உடல்நலமில்லை என்று ஒரு கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். அக்கா பக்கங்களைத் தள்ளி நாற்பத்தாறுக்கு வந்தாள்.

“நான் இல்லத்தரசி அல்ல. ஒரு கடற்கரை விடுதியில் குளியலறை கழுவும் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. சவுக்கு விறகு அடுப்புதான். எங்களைப் போன்றவர்களுக்கும் குறிப்புகள் போடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நம்மைப் போலவே ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள் என்று எங்கள் தெருப் பெண்களில் ஒருத்தி சந்தோஷப்பட்டாள். எழுதியவரின் பெயரையும் ஊரையும் கடிதத்துக்குக் கீழேதான் போடுவார்கள். அக்கா பெயரையும் வேகமாகவே படித்தாள். ஊர்ப் பெயரின் பாதியில் குரல் நின்றுவிட்டது.

அம்மா பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். நாலு வரிக்குத் தேவையானதைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ‘தாழ்மையுடன்’ என்ற சொல் எங்கள் வீட்டில் என் நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் உண்டு.

“நான்தான் எழுதுனேன்,” என்றாள் மற்றவர்களிடம். “இப்ப இன்னா?”

பெரியம்மா குரலை உயர்த்தவில்லை. “நாள் பூரா அவங்க கக்கூஸ கழுவறோம். இந்த அரை மணி நேரந்தான் இந்தப் புக்கப் படிச்சிகினு அந்தப் பொம்பளைங்களோட சரிக்குச் சரியா குந்திகினு இருந்தோம். நாம யாருன்னு இப்ப சொல்லிட்ட. இனிமே நமக்கும் கக்கூஸ் கழுவற குறிப்புதான் போடுவான், பாரு.”

உண்மையைத்தானே எழுதினேன், அதற்கு ஏன் கோபம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மறுநாள் கண்டக்டர், “கொஞ்சம் உள்ள போங்கம்மா” என்றார். நான்கு பெண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மா என்னோடு கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. எழுதியது நான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னிடம் அவள் அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு முறை, அரிசி களைந்துகொண்டே.

“எழுதணும்னா எழுது, பாப்பா. உன் பேர்ல எழுது.”

பெரியம்மா சொன்னது மூன்று வாரம் கழித்து நடந்தது. ‘உழைக்கும் தோழிகளுக்காக’ என்று அரைப் பக்கத்தில் புதிய பகுதி ஒன்று வந்தது. முதல் குறிப்பு, குழாயில் படிந்த உப்புக் கறையை எலுமிச்சைத் தோலால் தேய்ப்பது. அக்கா ஒரு வரி படித்துவிட்டு நிறுத்தினாள். யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். பெரியம்மா திரும்பிக் கடைசி இருக்கையைப் பார்த்தாள்.

“இன்னா இல்லத்தரசி, ஒனக்கோசரம் போட்டுகீறான். முன்னால வந்து கேளேன்.”

அம்மா எழுந்து முன்னால் போனாள். அவள் உட்காருவதற்குள் அக்கா பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

இன்று ஒரு நாளிதழின் இணைப்பில் வாசகர் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ‘இந்தப் பக்கம் யாருக்கு?’ என்று கூட்டத்தில் கேட்பார்கள். வயது, ஊர், வேலை, வருமானம் எல்லாம் பட்டியலில் இருக்கும். பெரும்பாலும் அது சரியான பட்டியல்தான். நான் எழுதுவதற்கு என் பெயரைத்தான் போடுகிறேன். அம்மா கடைசி இருக்கையில் உட்கார்ந்த அந்த மூன்று வாரங்களுக்கான நன்றியை அவளிடம் ஒருமுறை சொல்லப் பார்த்தேன். அப்படியா நடந்தது என்று கேட்டாள்.

‘உழைக்கும் தோழிகளுக்காக’ ஒன்பது வாரம் வந்தது. பத்தாவது வாரம் அந்த இடத்தில், பால்கனியில் ரோஜா வளர்ப்பது எப்படி என்று போட்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா அதை இரண்டு முறை படித்தாள்.