எட்டு லிங்கமும் நாலு பத்து பஸ்ஸும்

"மாணவ மாணவியரும் பணியாளர்களும் உடலுழைப்பைப் பெருக்கி, சர்க்கரை, ரத்த அழுத்தம் முதலிய நாள்பட்ட நோய்களை வருமுன் காத்திட வேண்டும்." ஜூலை மாதத்து இரண்டாம் செவ்வாயன்று எங்கள் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை இப்படித் தொடங்குகிறது. நூலகத்துக்கு அது காலை 11.20க்கு வந்ததென்று மூலையில் நானே குறித்திருக்கிறேன். பழைய கல்வெட்டில் ஒரு விளக்கெரிக்க, நெய்க்காக ஆடு கொடுத்தவன்கூட எத்தனை ஆடு, எந்தக் கோயில், எதுவரைக்கும் என்று தெளிவாக வெட்டிவைப்பான். இந்தச் சுற்றறிக்கையில் யார், எங்கே, எந்த நேரத்தில் உடலை அசைப்பது என்று ஒரு வரி இல்லை.

நேரம்தான் அங்கே பிரச்சினையே. கடைசி வகுப்பு நாலு மணிக்கு முடியும். கல்லூரி பஸ்கள் நாலு பத்துக்குக் கிளம்பும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மைதானம் என்பது பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிற பொருள்.

அதற்கு முந்தைய வாரம் அரங்கில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமம், நிலக்கடலை போடுகிற குடும்பம். அவள் அப்பாவுக்குச் சர்க்கரையால் ஒரு பாதத்தை எடுத்தாகிவிட்டது. தினமும் முக்கால் மணி நேரம் வியர்க்க ஓடியாடினால் மருந்தில்லாமலே தள்ளிப்போடலாம் என்று முகாமுக்கு வந்த டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் நேரே உடற்கல்வி ஆசிரியையிடம் போய் த்ரோபால் அணியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். ஊரிலேயே ஓடலாமே என்று ஆசிரியை கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை, அன்று மாலை நூலகத்தில் அவர் எனக்கு அப்படியே சொன்னார்.

"எங்க ஊர் ரோட்ல ஓடினா மாடு அவுத்துக்கினு போயிடுச்சான்னு கேப்பாங்க மேடம். இங்கன்னா விளையாட்டுனு விட்டுடுவாங்க."

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை மட்டும் ஐந்து மணிக்கு எடுக்கச் சொல்லி ஆசிரியை ஒரு பக்கக் கடிதம் எழுதினார். முதல்வர் அதன் குறுக்கே 'பார்க்கலாம்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். பிறகு ஐந்து பேர் கொண்ட நலக்குழு ஒன்றை அமைத்தார். அவர்களில் மூவர், முதல் மாடிக்கு லிஃப்ட் வேண்டுமென்று போன பருவத்தில் மனுக் கொடுத்தவர்கள்.

குழு கண்டுபிடித்தது கிரிவலப் போட்டி. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். வழியிலுள்ள எட்டு லிங்கங்களின் முன்பும் நின்று கைப்பேசியில் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் அதிகச் சுற்று வந்தவருக்குப் பரிசு. பௌர்ணமிச் சுற்று கணக்கில் வராது. கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடுவார்களாம். அன்று கல்லூரி மைதானமும் வழக்கம்போல் பக்தர்கள் வரும் வெளியூர் பஸ்கள் நிற்பதற்குப் போய்விடும். பௌர்ணமியன்றுதான் அந்தப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள், மற்ற நாளெல்லாம் ஆட்டோ தாராளமாக ஓடும் என்பது ஐவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஐவரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

தேதி போட்டு எழுதுகிற ஆள் என்பதால் படங்களைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மாணவன் எமலிங்கத்தில் 6.14க்கும் நிருதிலிங்கத்தில் 6.19க்கும் நிற்கிறான். அது நடையில்லை, பறத்தல். இன்னொருவன் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து கும்பிடுகிறான். மூன்றாவது படத்தில் லிங்கத்தைவிட ஷேர் ஆட்டோ தெளிவாக விழுந்திருக்கிறது.

பணியாளர் பிரிவில் முதலிடம், பதினொரு சுற்றோடு, முதல்வருக்கு. அவர் படங்களை நேர வரிசையில் அடுக்கினேன். ஒவ்வொரு முறையும் ஈசான்யத்தில் தொடங்கி, குபேரன், வாயு என்று போய் இந்திரலிங்கத்தில் முடிகிறது. மலையை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றிய மனிதரை இந்த ஊரில் நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அவர் வீடு ஈசான்யத்துக்குக் கிட்ட, வேங்கிக்காலில். காலையில் அவர் டிபன் சாப்பிடுகிற ஓட்டல் இந்திரலிங்கத்துக்குக் கிட்ட, ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில். காருக்கு அதுதான் தோதான வழி. எந்தப் படத்திலும் சட்டையின் இஸ்திரி கலையவில்லை.

போட்டியில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. தினமும் நாலு ஐந்துக்கு அவள் பையை மார்போடு அணைத்தபடி பஸ்ஸுக்கு ஓடுவதை நூலக ஜன்னலிலிருந்து பார்ப்பேன். அந்த வளாகத்தில் நோயைத் தடுக்க நடந்த உண்மையான ஓட்டம் அது ஒன்றுதான். நீளம் சுமார் நூறு அடி.

மாதம் முடிந்ததும் நேரம், இடம், வரிசை எல்லாம் கட்டம் போட்டு எழுதி, அடியில் ஆசிரியையின் கடிதத்தையும் சேர்த்துக் குத்தி, முதல்வரிடம் கொண்டுபோனேன். கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"நேரம்லாம் எதுக்கு எழுதினீங்க?"

"சரிபாக்கச் சொன்னீங்களே சார்."

"வேற யாராவது பாத்தாங்களா?"

"இன்னும் இல்ல சார். நூலகத்துல ஃபைல் பண்ணணும்."

"ஃபைல்லாம் வாணாம்." தாளைப் புரட்டினார். "கீழ இது என்ன?"

"கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு சார். அஞ்சு மணிக்கு."

என் கட்டத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தன்னுடைய 'பார்க்கலாம்' மீது கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். நான் மிரட்டினேன் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். என் கட்டத்தை அவரே வைத்துக்கொண்டார். அது திரும்பி வரவில்லை. பரிசளிப்பு விழாவில் அவருக்கான சான்றிதழைக் குழுத் தலைவர் வழங்க, அவர் அடக்கத்தோடு பெற்றுக்கொண்டார். கைதட்டல் பலமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அந்த பஸ் 5.02க்குக் கிளம்பியது. செவ்வாய் 5.00, புதன் 5.04. அந்தப் பெண் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, பஸ் டயர்கள் பள்ளமாக்கிய மைதானத்தில் பந்து எறிந்தாள். முதல் வாரம் ஏழு பேர்; பருவ இறுதியில் இருபத்திரண்டு.

இந்த ஆண்டறிக்கையில், 'கிரிவலப் போட்டியின் பயனாக மாணவியரின் சர்க்கரை அளவு குறைந்தது' என்று அச்சாகியிருக்கிறது. ஐந்து மணி பஸ்ஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்று மாதம் கழித்து அவள் கீழ்பென்னாத்தூரில் மறுபடி ரத்தம் கொடுத்தாள் என்று ஆசிரியை சொன்னார்; கணக்கு இறங்கியிருக்கிறது என்றும் சொன்னார். அந்தச் சீட்டை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. குறைந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.