புதுக் கோச்சும் வாழைக்காய் பஜ்ஜியும்

எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் கோச் போன வாரம் சென்னைக்கு வேலை மாறிப் போய்விட்டார். தோற்றபோதெல்லாம் "வெளியே போ" என்று கத்திய நாங்களே, போனதும் "துரோகி" என்று போஸ்ட் போட்டோம்.

வேலையில் சேரலாமா என்று பார்க்க, இன்று புதுக் கோச் ஒருவர் தஞ்சாவூர் வந்தார். மைதானத்தைப் பார்த்துவிட்டு எதிர் டீக்கடைக்கு வந்தவரை ரசிகர்கள் நாங்கள் விடுவோமா? உட்காரவைத்து பஜ்ஜி கொடுத்தோம்.

வயலில் நடவை அப்படியே விட்டுவிட்டு நீடாமங்கலத்திலிருந்து வந்திருந்த சேகர் அண்ணன் ஆரம்பித்தார்.

"சாருக்கு எந்த ஊரு?"

"மதுரைங்க."

"இந்த வருஷமே கப்பு அடிச்சிரணும். கும்பகோணத்துக்காரங்கிட்ட மட்டும் தோத்துரக் கூடாது. எம் பையனையும் டீமுல சேத்துக்கணும்."

"பையன் நல்லா ஆடுவாரா?"

"ஆடுனா உங்கள ஏன் சார் கூப்பிடுறோம்?"

கோச் பஜ்ஜியை மெதுவாக மென்றார். "முன்னாடி இருந்தவரு ஏங்க போனாரு?"

எல்லோரும் டீ கிளாசுக்குள் பார்த்தோம்.

கோச் கை கழுவிவிட்டு வந்து கும்பிட்டார். "எல்லாம் திருப்திங்க. ஊருக்குப் போயி தகவல் சொல்லி அனுப்புறேன்."

பெண் பார்க்க வந்தவர்கள் இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் என்ன அர்த்தம் என்று என் அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

வேறு நல்ல வரன் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஜாதகம்கூட வேண்டாம், விசில் ஊதத் தெரிந்தால் போதும்.