பூஜையில் இருந்த லிங்க் ராடு

"அன்னிக்கு அந்த ராடு மேல கண்ணன் கை வச்சிருந்தா, நீ அப்படிக் கத்தியிருப்பியாக்கா?"

சைதூன் முனீஸ்வரியிடம் இப்படிக் கேட்டாள். சட்டென்று பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் முனீஸ்வரி யாரையும் வேண்டுமென்றே நோகடிக்கிறவள் இல்லை என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

முனீஸ்வரிக்குச் சொந்த ஊர் அகரம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நூல் மில்லில் வேலை பார்த்தாள். மில்லில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்தவள், நத்தம் போகிற ரோட்டில் ஒரு மாந்தோப்புக்குள் புதிதாகத் திறந்திருந்த பொழுதுபோக்குப் பூங்காவில் கூட்டிப் பெருக்கப் போனாள். தோப்பைச் சுற்றி வட்டமாகச் சின்னத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். இன்ஜின் எதுவும் கிடையாது. நாலு பேர் உட்காருகிற தகர வண்டிகள்தான். முன்சீட்டில் இருக்கிற இரண்டு பேர் சைக்கிள் மாதிரி மிதித்தால் வண்டி நகரும். பெடல் ட்ராலி என்று பேர்.

முனீஸ்வரிக்குச் சைக்கிள் ஓட்ட வராது. பள்ளிக்கூடம் போகிற வயதில் வாய்க்காலுக்குள் விழுந்து எழுந்ததோடு சைக்கிளுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள். ஒருநாள் காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால், ட்ராலியில் ஏறி மிதித்துப் பார்த்தாள். வண்டி சாயவில்லை. எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தண்டவாளம் பார்த்துக்கொண்டது. மிதிப்பது மட்டும்தான் அவள் பாடு. ஒரு சுற்று முடித்து இறங்கியபோது மெக்கானிக் கண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"யக்கா, அது காலா, பிஸ்டனா?"

"மில்லுல நாளெல்லாம் நின்ன காலுடா. இதெல்லாம் ஒரு வேலையா?"

அதற்குப் பிறகு துடைப்பம் வேறு ஆள் கைக்குப் போயிற்று. முனீஸ்வரி இழுவை வேலைக்கு வந்தாள்.

இழுவை என்றால் இதுதான். வருகிறவர்கள் ஆசை ஆசையாக ஏறுவார்கள். தோப்பின் கிழக்கே ஒரு மேடு இருக்கிறது. பாதி ஏறும்போதே நாக்குத் தள்ளிவிடும். சில வண்டிகளில் செயின் அறுந்துபோகும். ஒரு வண்டி நின்றால் அதற்குப் பின்னால் வருகிற எல்லாமே நின்றுவிடும். அப்போது முனீஸ்வரி ஒரு காலி ட்ராலியில் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், நின்ற வண்டியைத் தன் வண்டியோடு மாட்டி இழுத்து வருவாள். மாட்டுவதற்குக் கை நீளத்தில் ஒரு இரும்புக் கம்பி. இரண்டு முனையிலும் ஓட்டை. ஒரு முனையை முன்வண்டியிலும் மறுமுனையைப் பின்வண்டியிலும் வைத்துக் கனமான ஆணியைச் செருக வேண்டும். அந்தக் கம்பிக்குத்தான் லிங்க் ராடு என்று பேர். கயிறு போதாதா என்று புது ஆட்கள் கேட்பார்கள். கயிறு இழுக்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் முன்வண்டி பிரேக் பிடித்தால் பின்வண்டி ஓடிவந்து முட்டும். இரும்புக் கம்பியோ இழுக்கவும் செய்யும், பின்வண்டியை நெருங்க விடாமல் நிறுத்தவும் செய்யும். இதைப் புது ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது முனீஸ்வரிதான்.

இழுத்து வரும்போது பின்வண்டியின் முன்பலகையில் நின்று பார்த்துக்கொண்டு வருவது சைதூன் வேலை. சைதூன் பேகம்பூர்க்காரி, முனீஸ்வரியைவிடச் சின்னவள். புருஷன் அப்பாஸ் ஒரு தோல் கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு பெண்களும் சேர்ந்துவிட்டால் வழியெல்லாம் பேச்சுதான்.

"மெதுவா போக்கா, நான் என்ன மூட்டையா?"

"மூட்டையா இருந்தா வாயப் பொத்திக்கிட்டு வருமேடி!"

ஏறி உட்கார்ந்திருக்கிற குடும்பமும் சிரிக்கும்.

போன ஆயுத பூஜை அன்று பூங்காவில் நல்ல கூட்டம். காலையிலேயே ட்ராலிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டினார்கள். ஷெட்டுக்குள் தலைவாழை இலை விரித்து, ஸ்பேனர், சுத்தியல், கிரீஸ் டப்பா, இருந்த இரண்டு லிங்க் ராடு எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கி, பொரிகடலை வைத்துப் படைத்தாள் முனீஸ்வரி. அந்த ராடு இரண்டையும் துருப்போகத் தேய்த்துக் கழுவியது சைதூன்.

மில்லில் முனீஸ்வரி பழகிய வழக்கம் ஒன்று உண்டு. பூஜை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி ஓடலாம். ஆனால் பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலையில் மறுபடி சூடம் காட்டித்தான் எடுக்க வேண்டும். அதைப் பூங்காவுக்கும் கொண்டுவந்தவள் அவள்தான்.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் டிக்கெட் கவுன்டருக்கு ஒரு போன் வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்திருந்த குடும்பம். மேட்டுக்கு அந்தப்பக்கம் செயின் அறுந்து, அது போய்ப் பிரேக்குக்குள் சிக்கி வண்டி நின்றுவிட்டது.

"ஏனுங்க, எங்கப்பாவுக்கு மூட்டு வலிங்க, எறங்கி நடக்க முடியாதுங்க. வெயில்ல குழந்தைக வேற அழுகுதுங்க. வெரசா வாங்க!"

முனீஸ்வரி காலி ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சைதூன் எப்போதும்போல ஷெட்டுக்குள் போய், ராடை எடுக்கக் குனிந்தாள்.

"தொடாத!"

முனீஸ்வரி போட்ட சத்தத்தில் டிக்கெட் வரிசையே திரும்பிப் பார்த்தது. சைதூனின் கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். அதில் ஈரமோ அழுக்கோ எதுவும் இல்லை.

"அப்ப எத வச்சுக்கா மாட்டுறது?"

"வாழக்கன்னு கட்டுன நைலான் கயிறு இருக்குல்ல, அத அவுத்துட்டு வா."

"கயிறு கூடாதுன்னு நீதானக்கா சொல்லுவ?"

"இந்தா இருக்க தூரம். ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகிறாது. ஏறு."

பிரேக்குக்குள் சிக்கிய செயினைச் சைதூன் வெட்டி எடுத்தாள். வண்டி உருண்டது, ஆனால் பிரேக் போனது போனதுதான். மேட்டில் ஏறும்வரை கயிறு விறைப்பாக நின்றது. உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியதும் தொய்ந்தது. வேகம் கூடுகிறதே என்று முனீஸ்வரி தன் பிரேக்கைப் பிடித்தாள். பின்வண்டி ஓடிவந்தது. அதன் முன்சீட்டில் இரண்டு குழந்தைகள் காலை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சைதூன் யோசிக்கவே இல்லை. குழந்தைகளை ஒரு கையால் பின்னால் தள்ளிவிட்டு, முன்வண்டியில் காலை ஊன்றித் தடுத்தாள்.

குழந்தைகளுக்குக் கீறல்கூட இல்லை. சைதூனின் கணுக்கால் எலும்பு உடைந்துவிட்டது.

பூங்கா மேலாளர் மதன்குமார் வந்து, "கயிறு கட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார். "நான்தான் சார்," என்றாள் முனீஸ்வரி. திட்டுவார், வேலையைவிட்டு நிறுத்துவார் என்று தலையைக் குனிந்து நின்றாள். அவர், "நல்லவேளை, வெளியாளுக்கு ஒண்ணும் ஆகல. இனிமே பாத்து செய்யி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு முனீஸ்வரியின் கால்கள் வேண்டியிருந்தன. திட்டு வாங்கியிருந்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும். அதுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு ஷெட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. சோளப்பொரி விற்கிற செல்லக்கிளிதான் முதலில் சொன்னாள்.

"சாமிக்குப் படைச்சதுல அவ கை வைக்கப் போனாள்ல? சும்மா விடுமா? அதான் காலப் பாத்து அடிச்சிருச்சு."

கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பக்கத்தில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த முனீஸ்வரி தலை நிமிரவில்லை. கயிறு கட்டியது நான், சாமி என்ன செய்யும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பேச்சு அவளுக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்தது என்பது தெரிந்தபோது, தன் முகத்தைத் தானே பார்க்கப் பிடிக்காமல் போயிற்று.

பேகம்பூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினாள். சைதூனிடமிருந்து போன் வந்தால் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பஸ் ஸ்டாண்டில் அப்பாஸ்தான் அவளைப் பிடித்தார்.

"என்னக்கா, எட்டிக்கூடப் பாக்கல? கட்டுப் பிரிச்சாச்சு. இன்னிக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு அவ வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா."

அதற்கு மேல் ஒளிய முடியவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனாள். சைதூன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். அப்பாஸ் டீ கொண்டுவந்து வைத்தார். முனீஸ்வரி காலைப் பற்றி விசாரித்தாள்.

"காலு பரவால்லக்கா. மேனேஜர்கூட வரச் சொல்லி போன் பண்ணாரு. நான்தான் வரலன்னுட்டேன்."

"ஏன் புள்ள?"

"நான் கை வச்சதுனாலதான் இம்புட்டும் ஆச்சுன்னு அங்க பேசுறாங்களாமே. நான் தொடக்கூட இல்லையேக்கா. அந்த ராடக் கழுவுனதே நான்தான. கழுவுறப்ப சாமிக்குக் கோவம் வரலையா?" பிறகு கேட்டாள்: "செல்லக்கிளி அப்படிச் சொன்னப்ப நீ எங்க இருந்த?"

"அங்கதான்."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

அப்போதுதான் சைதூன் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கண்ணன் கை வைத்திருந்தால் அப்படிக் கத்தியிருப்பாயா என்று. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். முனீஸ்வரி டீயைத் தொடாமலே, "வாரேன் புள்ள," என்று எழுந்தாள்.

"அப்படிப் பேசுற எடத்துக்கு நான் எப்படிக்கா வருவேன்?" என்று சைதூன் சொன்னது வாசல்வரை கேட்டது.

அகரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது முனீஸ்வரிக்கு அந்த நாள் திரும்பத் திரும்ப ஓடியது. யாராக இருந்தாலும் கத்தியிருப்பேன், பூஜைப் பொருள் அல்லவா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடிப்பதற்குள் ஸ்பேனர் நினைவுக்கு வந்துவிட்டது. அன்று மதியம் ஒரு ட்ராலியில் நட்டு கழன்றிருந்தது. கண்ணன் நேராக வந்து இலையிலிருந்து ஸ்பேனரை உருவினான். "ஏலே, கும்பிட்டுட்டு எடுறா," என்று சொல்லி முனீஸ்வரி சிரித்தாள். அவன் ஸ்பேனரால் நெற்றியில் ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போய் நட்டை முடுக்கினான். திரும்ப வந்து இலையில் வைத்தான். யாரும் சத்தம் போடவில்லை.

ஆக, கும்பிட்டுவிட்டு எடுக்கலாம். ராடையும் எடுத்திருக்கலாம். அந்தக் கால் உடைந்திருக்க வேண்டியதே இல்லை. பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கி நடந்தாள்.

மறுநாள் காலை வண்டிகளைச் சரிபார்க்க எல்லோரும் ஷெட்டில் கூடியிருந்தார்கள். முனீஸ்வரிக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கம் இல்லை. செயினைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"சைதூன் கால உடச்சது சாமி இல்ல. நான். கயிறு கட்டுனா முட்டும்னு தெரிஞ்சேதான் கட்டுனேன். கண்ணன் ஸ்பேனர எடுத்தப்ப சிரிச்சேன். அவ ராடுக்குக் குனிஞ்சப்ப கத்துனேன். ஏன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இனிமே யாரும் அவளச் சொல்லாதீங்க."

செல்லக்கிளி, "நாங்க என்ன இல்லாததையா சொன்னோம்," என்று முணுமுணுத்தாள். கண்ணன் மட்டும், "ஆமா, நான் எடுத்தேன்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. மதன்குமார், "சரி சரி, காலங்காத்தால எதுக்கு இதெல்லாம்? வேலையப் பாருங்க," என்றார். எல்லோரும் கலைந்தார்கள். முனீஸ்வரிக்குப் பாரம் இறங்கவில்லை. முன்பு அவளுக்கு மட்டும் தெரிந்திருந்த அசிங்கம் இப்போது எல்லோருக்கும் தெரிந்தது, அவ்வளவுதான்.

முனீஸ்வரி ஷெட்டில் பேசியதைக் கண்ணன் சைதூனுக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் சைதூன் வேலைக்கு வந்தாள். லேசாக விந்தி விந்தி நடக்கிறாள். பின்வண்டியில் நிற்க வேண்டாம், உட்கார்ந்தே வா என்று ஒரு ஸ்டூல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ராடை மாட்டி, ஆணியைச் செருகி, "போலாம்," என்பாள். முனீஸ்வரி மிதிப்பாள். பழைய கேலி திரும்பி வரவில்லை.

போன மாதம் நத்தம் பஸ்ஸில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் இதே கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாராம். பூங்காவில் வேற மதத்துப் பொண்ணு ஒருத்தி பூஜையில் கை வைத்தாளாம், அன்றைக்கே கால் போயிற்றாம். முனீஸ்வரி முன்சீட்டில் இருந்தாள். இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ள கை வைக்கலம்மா. கயிறு கட்டிக் கால உடச்சவ நான்தான்."

பஸ்ஸே அவளைப் பார்த்தது. முகம் எரிய எரிய, முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

ஆனால் முனீஸ்வரியால் எல்லா பஸ்ஸிலும் ஏற முடியாது. பொய்க்கதை அவளுக்கு முன்னால் நத்தமும் பழனியும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாராவது அந்தக் கதையைச் சொன்னால் கேட்டுவிட்டுச் சும்மா வந்துவிடாதீர்கள். நடந்தது இதுதான் என்று சொல்லுங்கள். சைதூன் பேரையும் சொல்லுங்கள், முனீஸ்வரி பேரையும் சொல்லுங்கள். தன் பேரை மறைக்க வேண்டாம் என்று முனீஸ்வரியே சொல்லிவிட்டாள்.