அப்பா கொண்டுபோன செய்திகள்

குருமனைக்கு டெலிபோன் வந்த பிறகுதான் எங்கள் ஊரில் அப்பாவைக் கண்டு பயப்பட ஆரம்பித்தார்கள்.

அப்பா லுத்தரன் சபைப் போதகர். கீழ்வேளூருக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் அவருக்குச் சபை. கோயிலை ஒட்டி நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடுதான் குருமனை. தொண்ணூறுகளில் ஆற்றுத் தண்ணீர் காலத்தில் வராமல் குறுவை பொய்த்துக்கொண்டே போக, இளவட்டங்கள் குவைத்துக்கும் துபாய்க்கும் கிளம்பினார்கள். கிறிஸ்தவரோ இந்துவோ, போகிறவர்கள் எல்லோரும் குருமனை நம்பரைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். ஊரில் வேறு போன் இல்லை. வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அன்று சாயங்காலம் எங்கள் கூடம் பெண்களால் நிறைந்துவிடும். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவ்வளவு தூரம் கேட்க வேண்டுமே என்று கத்திப் பேசுவார்கள்.

முதல் சாவுச் செய்தி ஒரு கொத்தனாருடையது. சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். அப்பா சைக்கிளில் போய் அவர் மனைவியிடம் சொன்னார். சில மாதங்களில் இன்னொன்று. தூக்கத்திலேயே நெஞ்சடைத்துப் போன ஒரு பையன். அதையும் அப்பாதான் கொண்டுபோனார். அதற்குப் பிறகு அவர் சைக்கிள் தெருவுக்குள் திரும்பினாலே பேச்சு நின்றுபோகும். அவர் தாண்டிப் போன வீட்டில்தான் மறுபடி மூச்சு வரும்.

ஒருநாள் குழந்தை ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்கப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். அந்த வீட்டுப் பெண் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டாளாம். நல்ல காரியத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று எவ்வளவு சொல்லியும், எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், போய்விடுங்கள் என்று உள்ளேயிருந்து அழுதாளாம்.

"நற்செய்தி சொல்றவன்னு பேரு," என்றார் அப்பா அம்மாவிடம். "என்னைப் பாத்தா கதவைச் சாத்துறாங்க."

மறுநாள் சாயங்காலத்திலிருந்து அவர் சைக்கிளை விட்டுவிட்டு எல்லா வீடுகளுக்கும் நடந்தே போக ஆரம்பித்தார். சபையார் வீடு, சபைக்கு வெளியே உள்ளவர் வீடு என்று பார்க்கவில்லை. வெளிநாட்டில் ஆள் இருக்கிற எந்த வீட்டையும் விடவில்லை. போய் உட்காருவார். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, மாடு கன்று போட்டதா என்று விசாரிப்பார். கேட்டால் ஒரு சின்ன ஜெபம். கேட்காவிட்டால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். முதலில் அவர் உட்கார்ந்திருக்கும் வரை வீட்டுக்காரர்களுக்கு உதறல்தான். நாளாக ஆகத் தெளிந்தார்கள். சம்பா அறுப்புக் காலத்தில், ஐயா வர்ற நேரமாச்சு என்று பாய் எடுத்துப் போடுகிற அளவுக்கு ஆகிவிட்டது. இப்படி நடந்து நடந்து அவர் கால் வீங்கியது. தினமும் போக வேண்டுமா என்று அம்மா சண்டை பிடித்தாள். தினமும் போனால்தான், சொல்லக்கூடாததைச் சொல்லப் போகிற அன்று தன்னைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் செத்துப் போக மாட்டார்கள் என்றார்.

பிறகு அண்ணனும் குவைத்துக்குப் போனான், ஏ.சி. மெக்கானிக்காக. அதுவரை மற்ற வீடுகளில் இருந்த பயம் எங்கள் வீட்டுக்குள் குடியேறியது. நான் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வெளிநாட்டுப் போன் என்றால் எடுத்ததும் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதற்கப்புறம்தான் குரல். அந்தச் சத்தம் கேட்டதுமே ரிசீவரை அப்பாவிடம் நீட்டிவிடுவேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம் அந்தச் சத்தம் வந்தது. வெள்ளிக்கிழமைகூட இல்லை. ஒரு ஆண் குரல் போதகரைக் கேட்டது. அப்பா பக்கத்து ஊருக்கு ஒரு அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். நான் அவர் மகள் என்றேன்.

"அப்பாகிட்டதாம்மா பேசணும். அப்புறம் கூப்பிடுறேன்."

மகள் என்றதும் ஏன் விஷயத்தைச் சொல்லவில்லை? அம்மாவிடம் சொன்னபோது அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவை அழைத்துவரக் கோயில் மணி அடிக்கிற ஆளை அனுப்பினோம். அம்மா அழுகிற சத்தம் கேட்டுப் பின்வீட்டு அக்கா நனைந்துகொண்டே ஓடிவந்தாள். அவள் புருஷனும் அண்ணன் வேலை பார்த்த அதே கம்பெனியில்தான் டிரைவர். அவள் அம்மாவின் உள்ளங்கால்களைத் தேய்த்துவிட்டாள். அண்ணன் பேரைச் சொல்லி உரக்க ஜெபம் பண்ணினாள். ஒன்றும் இருக்காது, தம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்பா சொட்டச் சொட்ட வந்து, வேட்டிகூட மாற்றாமல் போன் பக்கத்தில் உட்கார்ந்தார். அது மறுபடி அடிக்க வெகுநேரம் ஆயிற்று. மணி அடித்ததும் எடுத்தார். சரி, சரி என்று மட்டும் சொன்னார். ரிசீவரை வைத்தார்.

"நம்ம பையன் நல்லா இருக்கான்."

அம்மா வாய்விட்டு அழுதாள். அக்கா கையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பிழைத்த நிம்மதி நெஞ்சுக்கு வந்து சேரும் முன்பே அது பயமாகிவிட்டது. அக்காவின் முகத்தில் இன்னும் எங்களுக்கான சந்தோஷம்தான் இருந்தது.

அப்பா எழுந்து நின்றார். எத்தனையோ வாசல்களில் நின்று சொன்னவருக்குத் தன் வீட்டுக் கூடத்தில் சொல்ல முடியவில்லை. அக்கா அவரைப் பார்த்தாள். மெல்லக் கையைக் கீழே இறக்கினாள்.

"சொல்லுங்க ஐயா," என்றாள்.

வேலைக்குப் போகிற வழியில் வேன் கவிழ்ந்துவிட்டது. ஓட்டியது அவள் புருஷன். அண்ணன் பின்னால் வந்த வண்டியில் இருந்தான்.

ஓய்வுபெற்ற பிறகு அப்பாவும் அம்மாவும் தரங்கம்பாடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். அங்கே போன் அடித்தால் அப்பா எடுக்க மாட்டார். அம்மா எடுத்து யாரென்று சொல்லும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் உங்களுக்குப் பயமே இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒவ்வொரு தடவையும் பயம்தான்."

"பயம் போகணும்னு ஜெபம் பண்ணலியாப்பா?"

"போயிட்டா, நான் எப்படிம்மா அந்த வாசல்ல போயி நிப்பேன்?"

அப்பா இறந்த வருஷத்தில் கையில் செல்போன் இல்லாத ஆளே இல்லை. அடக்கத்துக்குப் பழைய ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கல்லறையில் மண் போட்டவர்களில் பாதிப்பேர் அப்பாவின் சபையார் இல்லை. பின்வீட்டு அக்காவும் வந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. அன்று எங்கள் கூடத்தில் நான் கவனிக்காத ஒன்றை அவள்தான் சொன்னாள்.

"சொன்னதும் ஐயா கையப் புடிச்சேன். எனக்கு மேல அவரு நடுங்குனாரு. இவரு விழுந்துடக் கூடாதேன்னுதான் நான் நின்னேன்."

எல்லோரும் வேனில் ஏறியபோது அவள் ஏறவில்லை. அண்ணன் குவைத்துக்கும் நான் சென்னைக்கும் திரும்ப வேண்டும். அந்த வீட்டில் தனியாகப் படுக்க அம்மாவுக்குப் பயம். நாங்கள் யாரும் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே தன் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அம்மாவுக்குப் பயம் தெளிகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள்.