வெயிலில் காய்ந்த வரிக்குதிரைகள்

என் கணவர் கொட்டாஞ்சேனையில் பாதிப் பேரைப் படம் எடுத்தவர். கல்யாணம், ஞானஸ்நானம், புதுக்கடைத் திறப்பு, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவரை எடுத்த படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் கல்யாணப் படத்தில் நான் இருக்கிறேன், மாலை இருக்கிறது, மாலைக்கு மேலே கலங்கலாக ஏதோ இருக்கிறது. அதுதான் மாப்பிள்ளை. கமராவுக்குப் பின்னால் நின்றவனுக்குத் தொழில் தெரியாது என்று, படம் விழுகிற நேரம் பார்த்துத் தலையைத் திருப்பி அவனை ஏசியிருக்கிறார். வேறொன்று பிறகு எடுக்கலாம் என்று விட்டுவிட்டோம். வீட்டிலேயே கமரா இருக்கும்போது என்ன அவசரம் என்று நினைத்தோம்.

வீட்டின் முன் அறைதான் ஸ்டூடியோ. குசினிக்குப் பக்கத்தில் இருட்டறை. படம் எடுத்த கண்ணாடித் தகடுகளை, வெளிச்சம் படாமல் மருந்தில் கழுவி உருவம் வரவைப்பது என் பொறுப்பு. கொழும்பு வெக்கையில் குழாய்த் தண்ணீரே சூடாக வரும். ஐஸ் போட்டுக் குளிரவைக்காவிட்டால் கண்ணாடியில் பூசியிருக்கும் மருந்துப் படலம் உரிந்து கையோடு வந்துவிடும். அதற்கு வேண்டிய பொறுமை அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது, அவரைத் தவிர மற்ற எல்லா விஷயத்திலும்.

ஆபிரிக்காக் காட்டில் மிருகங்களைப் படம் எடுக்கத் துணைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தபோது, மனுஷன் என்னிடம் கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னார், அவ்வளவுதான். வெள்ளவத்தையில் என் தாய் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நைசாக நழுவித் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போய், கூட்டில் நிற்கும் வரிக்குதிரையைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாளும் கமராவைக் கொண்டு போனதில்லை. "கம்பிக்குப் பின்னால நிக்கிறதை எடுத்து என்ன? கம்பியும் கோடு, அதுவும் கோடு" என்பார். மாமிக்கு அவர் ஒற்றைப் பிள்ளை. கப்பல் போகும் வரை மாமி அழுதார், நான் ஏசினேன். எனக்குத் துக்கம் வந்தாலும் ஏச்சாகத்தான் வரும்.

அவர் திரும்பி வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அந்தக் காட்டிலேயே புதைத்துவிட்டார்கள். முகம் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு மாலை போட ஒரு படம் இல்லாமல், ஊரையே படம் எடுத்தவரின் வீட்டுச் சுவரில் வெறும் ஆணி மட்டும் இருந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

சில நாள் கழித்து, துரையோடு சமையலுக்குப் போயிருந்த கிராண்ட்பாஸ் பக்கத்து முஸ்லிம் ஒருவர் என் கணவருடைய பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். மாமியும் நானும் முன்னால் இருந்து, அவர் சொல்வதையெல்லாம் கேட்டோம்.

"கிட்டப் போனா வரிக்குதிரயெல்லாம் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டும், தங்கச்சி. தொரைக்குக் கோவம் வரும். இவர் கோவிக்க மாட்டார். தண்ணி குடிக்க வார எடத்தில விடியக்காலம் வெள்ளாப்புலயே போய்க் கமராட கறுத்த துணிக்குள்ள தலைய வெச்சுக்கிட்டு நிப்பார். வெயில் ஏறினா வரியெல்லாம் ஆடுமாம், படம் சரி வராதாம்."

வீட்டில் ஒரு இடத்தில் நில்லாத மனுஷன் குதிரைக்காக அப்படி நின்றிருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

துரை எடுத்த படங்கள் துரையோடு சீமைக்குப் போய்விட்டன. பெட்டியில் இருந்தவை இவர் தனக்கென்று எடுத்தவை. அங்கே தண்ணீர் கலங்கல் என்பதால் கழுவாமல், கறுப்புக் கடதாசியில் சுற்றி எனக்காக வைத்திருந்தாராம். எழும்பிப் போகும்போதுதான் அந்தச் சமையல்காரர் சொன்னார்: "ஒண்டுல அவரும் ஈக்கிறார். பின்னால வரிக்குதிரக் கூட்டம். தொரைதான் எடுத்துக் குடுத்தார்."

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அப்படிக் கை பிடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

செத்தவரின் சாமானை மஞ்சள் தண்ணீர் தெளித்து, வெயில் காட்டித்தான் எங்கள் வீட்டில் உள்ளே எடுப்பது. அதனால் பெட்டி பின் விறாந்தையிலேயே இருந்தது. மறுநாள் காலை நான் தகடு கழுவ மருந்தும் ஐஸும் வாங்கக் கோட்டைக் கடைகளுக்குப் போனேன். மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிய ஐஸ் உருகிவிடுமே என்று ரிக்‌ஷாக்காரரை வழி முழுக்க விரட்டிக்கொண்டு வந்தேன்.

பின் முற்றத்தில் பாய் விரித்திருந்தது. அவருடைய சேர்ட்டுகள், சப்பாத்து, தொப்பி. அவற்றுக்குப் பக்கத்தில், பளீரென்ற வெயிலில், எல்லாத் தகடுகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. சுற்றியிருந்த கறுப்புக் கடதாசிகளை ஒழுங்காக மடித்து, பறக்காமல் மேலே கல் வைத்திருந்தார் மாமி. கையில் ஈரத் துணி.

"கண்ணாடி முழுக்கப் பூஞ்சணம், பிள்ளை. கடதாசியால சுத்தி வைச்சால் பிடிக்காமல் என்ன செய்யும்? உள்ளுக்கை எங்கையாவது இருக்கிறானோ எண்டு துடைச்சுத் துடைச்சுப் பாக்கிறன்."

கழுவாத தகடு பால் நிறத்தில் மங்கலாகத்தான் இருக்கும். மாமி இருட்டறைக்குள் வந்ததே இல்லை. கழுவி முடித்த தகட்டில், கறுப்பில் உருவம் தெரிவதைத்தான் அவர் கண்டிருக்கிறார். பூஞ்சணத்துக்கு அடியில் மகன் இருக்கிறான் என்று நினைத்துத் தேய்த்திருக்கிறார். சிலதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெறும் கண்ணாடியாக்கியிருந்தார்.

பிறந்ததிலிருந்து ஏசிப் பழகிய வாய் அன்று திறக்கவே இல்லை. எல்லாத் தகடுகளையும் பொறுக்கிக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கழுவுமுன் வெளிச்சம் பட்ட தகட்டில் ஒன்றும் மிஞ்சாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐஸைப் போட்டு, மருந்தைக் கலந்து, வழக்கம் போலவே ஒவ்வொன்றாகக் கழுவினேன். படலம் மிஞ்சியிருந்த ஒவ்வொன்றும் கறுத்தது. வரிக்குதிரையும் இல்லை, புல்லும் இல்லை, மனுஷனும் இல்லை. எதில் அவர் நின்றார் என்றுகூடத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டாலாவது அந்த ஒரு தகட்டை வைத்துக்கொண்டு அழுதிருப்பேன்.

நான் வெளியே வரும் வரை மாமி கதவடியிலேயே இருந்தார்.

"வந்திட்டானோ?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. "எல்லாம் பழுது, மாமி. கப்பல்ல ஈரம் பட்டிட்டுது."

மாமி கையிலிருந்த ஈரத் துணியை மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நேற்றே எடுத்து வெயிலில வைச்சிருந்தால் தப்பியிருக்குமோ, பிள்ளை?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு நாள் வெயிலை வீணாக்கிப் பிள்ளையின் முகத்தைத் தொலைத்துவிட்டேன் என்று, சாகும் வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதார். நான் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகன் யாரைப் போல இருந்தான் என்று அவரால் சொல்ல முடிந்தது. இப்போது மாமியும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து, என் கணவரின் மூக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், எனக்குத் தெரியாது.